மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரிவால்வர்

அன்று காலை நம் வீட்டு வாசலில் புள்ளிக்கோலம் இல்லை. இரண்டு ரிவால்வர்கள் இருந்தன.

கோலமாவில் வரைந்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளம். ஒன்றின் முனை தெருக்கோடியைப் பார்த்தது. இன்னொன்றின் முனை எதிர்வீட்டு மோட்டார் பைக்கைக் குறி வைத்தது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்று, மிதிக்கலாமா கூடாதா என்று கேட்டார். சுற்றிக்கொண்டு வரச் சொன்னாள் உங்கள் அம்மா. அவர் பால் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரை ஒட்டி ஒட்டி நடந்து வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வரைந்தது மாடிவீட்டுக் கலா. ஆயுதப்படையில் போலீஸ்காரி. துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டி வைக்கும் பிரிவில் வேலை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கோலமாவு டப்பாவோடு நின்றாள்.

"அண்ணா, இது பழசு. இது புதுசு. இப்ப சொல்லுங்க, உங்க தொர கையில எது இருந்திருக்கும்?"

யாழினி, தர்ஷினி, உங்கள் இருவருக்கும் இது நன்றாக நினைவிருக்கும். ஆளுக்கொரு மாதிரி நினைவிருக்கும். அதனால்தான் விடுதியிலிருந்து ஒருத்தியும் வீட்டிலிருந்து ஒருத்தியும் போனில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் ஸ்கூட்டர் விழுந்த கதையை எழுதியதற்கே உங்கள் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. இந்த வாரமாவது பத்திரிகையில் இந்தப் பக்கத்தை அவள் புரட்டாமல் இருந்தால் நல்லது.

துரை வருவாரா?

பள்ளி ஆண்டுவிழா நாடகம். யாழினி எட்டாம் வகுப்பு, தர்ஷினி அதே பள்ளியில் ஐந்தாவது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. நெசவாளிகள் தெருவுக்கு ஒரு துரை வருகிறான், தறியிலிருந்து இறங்கிய துணியையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போகிறான். தெருவே அழுகிறது. அவ்வளவுதான் நாடகம்.

யாழினிதான் துரை. தர்ஷினி நெசவாளி வீட்டுக் குழந்தை. ராட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும், ஒரு வசனமும் கிடையாது. அதற்காக அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்த நாட்கள் உண்டு.

துரைக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முந்தின வருஷ நாடகத்தில், தியாகி ஒருவர் உயிரை விடும் காட்சியில், சிப்பாய் வேஷம் போட்ட பையன் பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டினான். அதில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்து, ஆம்புலன்ஸ் மாதிரி சத்தம் வேறு வந்துவிட்டது. செத்துப்போன தியாகியே எழுந்து உட்கார்ந்து சிரித்தார். அந்தப் பையனைப் பள்ளியில் அப்புறம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதனால் நாடகத்தைப் பார்த்துக்கொண்ட வரலாறு டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். துப்பாக்கி அந்தக் காலத்தது மாதிரியே இருந்தால் துரை மேடைக்கு வரலாம். இல்லாவிட்டால் துரை திரைக்குப் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுப்பான்.

யாழினி, அந்த மாதம் முழுக்க நீ வீட்டுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாய். சோறு வேண்டும் என்றால்கூட, "ஏ மேன், இங்கே சோறு கொண்டா" என்றாய். உன் அம்மா கரண்டியோடு வந்து உன் ராஜ்யத்தை முடித்துவைப்பாள். அப்படிப்பட்ட துரை திரைக்குப் பின்னால் ஒளிந்து கத்துவதா? எனக்கு மனசு கேட்கவில்லை.

முதல் ரிவால்வர்

ஓரிக்கை போகும் வழியில் யூசுப் பாய் மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். கட்டில் கால், பூஜையறைக் கதவு, தறிக்கு வேண்டிய கட்டைகள் எல்லாம் செய்வார். அவரும் நானும் ஒரே பள்ளியில் ஒன்பதாவதோடு நின்றவர்கள். என் போனில் ஒரு ரிவால்வர் படம் தேடி எடுத்துக் காட்டினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ரெண்டே நாளில் மா மரத்தில் செதுக்கி, கறுப்பு பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். கனமாக, குட்டையாக, பார்க்க ஜோராக இருந்தது.

மாடிப்படியில் எதிரே வந்த கலாவிடம் பெருமையாக நீட்டினேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க தொர கப்பல்ல வந்தவரா, ஆன்லைன்ல வந்தவரா?"

அது இப்போது வருகிற மாடலாம். அந்தக் காலத்து ஆள் கையில் அது இருந்தால், துரை கைக்கடிகாரத்துக்குப் பதில் ஸ்மார்ட் வாட்ச் கட்டின மாதிரி இருக்குமாம். வரலாறு டீச்சர் பார்த்தமாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்றாள்.

ரிவால்வரில் பழசு புதுசு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குத் தெரிந்த ரிவால்வர் ஒன்றுதான். சின்ன வயதில் கருடசேவைக் கூட்டத்தில், எங்கள் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்து இழுத்து இழுத்து வாங்கிய தகரத் துப்பாக்கி. சுருள் கேப் போட்டு அடிக்கிறது. வாங்கிய இடத்திலிருந்து வீடு வருவதற்குள் அதன் விசை உடைந்துவிட்டது. மீதிக் கேப்பையெல்லாம் கருங்கல்லால் தட்டித் தட்டி வெடித்தேன். அந்தக் கேப் மருந்தின் வாசனை கொஞ்சம் முட்டை அவித்த மாதிரி, கொஞ்சம் மழை வந்த மாதிரி இருக்கும். இன்னும் மூக்கில் இருக்கிறது.

கோலமாவில் துப்பாக்கிப் பாடம்

நிஜத் துப்பாக்கியைக் கலா வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. படம் எடுத்தால் வேலை போய்விடும். அதனால்தான் அந்தக் கோலம்.

முதலில் பழசைக் காட்டினாள். அது நடுவில் மடங்கும். பாக்குவெட்டியைத் திறக்கிற மாதிரி, குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினால் தலையைக் குனிந்துகொள்ளும். உள்ளேயிருக்கிற காலித் தோட்டாவெல்லாம் ஒரே குதியாக வெளியே குதிக்கும். புதுசில் அநேகம் அப்படி மடங்காது. தோட்டா போடுகிற உருளை மட்டும் அலமாரிக் கதவு மாதிரி இடதுபக்கமாக வெளியே வரும்.

அப்போ மடங்குகிறதா என்று பார்த்தால் போதுமா என்று கேட்டேன். போதாது என்றாள். இன்றைக்கு நம் நாட்டில் செய்கிற சிலதும் பழைய மாதிரியே மடங்கத்தான் செய்யுமாம். மடிப்பை மட்டும் பார்த்து ஏமாறுகிற ஆட்கள் நிறையப் பேராம்.

அப்புறம் குழலுக்கு வந்தாள். பழசின் குழல் ஒல்லி. முனையில் குறி பார்க்கிற தகடு நகக்கண் அளவுக்கு மெல்லிசாக நிற்கும். புதுசில் குழலுக்கு அடியிலும் இரும்பு சேர்த்துத் தடியாக்கிவிடுகிறார்கள், குறித் தகடும் பட்டையாக இருக்கும். பழசின் பிடி மரம், அதில் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கும். புதுசுக்கு விரல் பதிகிற மாதிரி ரப்பர். பழசில் பிடிக்கு அடியில் ஒரு வளையம் உண்டு. அதில் கயிறு கட்டிக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொள்வார்களாம்.

"எதுக்கு?" என்றாய் தர்ஷினி.

"குதிர கீழ தள்ளிச்சின்னா தொர மட்டும் வுழட்டும், துப்பாக்கி வுழக்கூடாதுன்னு."

அதற்குள் தெருவில் ஒரு கும்பல் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு மோட்டார் பைக்காரர், தன் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, துப்பாக்கியில் பொறிக்கிற கம்பெனிப் பேர் எழுத்து எப்படி இருக்கும் என்று சந்தேகம் கேட்டார். பழசில் சுத்தியலால் அடித்துப் பதித்த எழுத்து, விரல் வைத்தால் குழி தெரியும் என்றாள் கலா. புதுசில் மெஷின் சுரண்டுகிற எழுத்து, மேலாக இருக்கும். மோட்டார் பைக்காரர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

கடைசியில்தான் நிறத்துக்கு வந்தாள். நான் எழுந்து நின்றது அப்போதுதான்.

புதுசு ஒரே கறுப்பாக, மங்கலாக, தொட்டால் லேசாகச் சொரசொரவென்று இருக்கும். இல்லாவிட்டால் எவர்சில்வர் சொம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். பழசை அப்படி விடமாட்டார்களாம். முதலில் முகம் தெரிகிற அளவுக்கு இரும்பை மெருகேற்றிவிட்டு, அப்புறம்தான் நிறம் ஏற்றுவார்கள்.

"நேரா பாத்தா கறுப்பு, சாச்சிப் பாத்தா நீலம். அத எப்டிச் சொல்றதுன்னே தெரியலண்ணா."

எனக்குத் தெரியும். அது மயில்கழுத்து. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த புடவையை முந்தானையைப் பிடித்து ஆட்டினால் ஓடுகிற நிறம். வாலிபத்திலிருந்து சாயப் பட்டறையில் வேகிறவன் நான். ஒரு கலரைச் சொல்லிவிட்டால் அதைக் கொண்டுவருகிறவரை எனக்குத் தூக்கம் வராது.

பேருந்தில் கிடைத்த இடம்

யூசுப் பாய் ரெண்டாவது தடவை முணுமுணுக்கவே இல்லை. கோலத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டியதும், முதலில் செய்ததைத் தூக்கி அடுப்புப் பக்கம் போட்டார். ஒல்லிக் குழல், மரப் பிடியில் கட்டக் கீறல், அடியில் வளையம். மடக்குவதற்குப் பழைய நகைப்பெட்டியிலிருந்து ஒரு பித்தளைக் கீலைக் கழற்றி உள்ளே பதித்துவிட்டார். டக்கென்று மடங்கியது. நானும் அவரும் மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டே இருந்தோம். கட்டில் கால் வாங்க வந்த மனிதர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார்.

வீட்டுக்குப் பேருந்தில் வந்தேன். துணிப்பையில்தான் வைத்திருந்தேன். பிடி மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மா முதலில் தன் கூடையை நகர்த்தினார். அப்புறம் தானும் நகர்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு முன் சீட்டுக்காரரும் பின் சீட்டுக்காரரும் எழுந்துவிட்டார்கள். இத்தனை கூட்டத்தில் எனக்கு மட்டும் இப்படி இடம் கிடைக்கிறதே, என் முகத்தில் ஏதோ ஒரு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை நன்றாக நீட்டிக்கொண்டேன். நடத்துநர் மட்டும் துணிந்து கிட்டே வந்து, பையைக் கண்ணால் காட்டி, அது என்ன என்றார். மரம் என்று சொல்லி எடுத்துத் தட்டிக் காட்டினேன். பேருந்தே பெருமூச்சு விட்டது. அந்தப் பூக்கார அம்மா திரும்பி வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, வழி முழுக்கத் திட்டினார்.

சாயத் தொட்டி

பெயிண்ட் அடித்திருக்கலாம். எந்த ஊர்க்காரனும் அதைத்தான் செய்திருப்பான். பெயிண்டில் மயில்கழுத்து வருமா? எங்கள் பட்டறையில் எல்லோரும் கூடிப் பேசினோம். வராது என்று ஏகமனதாக முடிவானது.

அன்று பட்டு நூலுக்குப் போட்ட நீலச் சாயம் அண்டாவில் மீந்திருந்தது. கொதிக்கக் கொதிக்கத் துப்பாக்கியை உள்ளே விட்டேன். எடுத்துக் காயவைத்து, மேலே லேசாகக் கறுப்புச் சாயம் பூசினேன். அலசினேன். நீலத் தண்ணீர் வந்தது. மறுபடி அலசினேன். மறுபடியும் நீலத் தண்ணீர். பட்டு என்றால் தண்ணீர் தெளிகிறவரை விடமாட்டோம். ஆனால் அந்த ஈர மரத்தில் வெயில் பட்டு ஓடிய நிறத்தைப் பார்த்ததும் எனக்கு அலச மனசு வரவில்லை. காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். நேராகப் பார்த்தால் கறுப்பு. சாய்த்தால் நீலம். குழல் முனையில் தோலுறை உரசித் தேய்ந்த மாதிரி தெரிய அலுமினிய பெயிண்டை விரலில் தொட்டு இழுத்தேன். அதுவும் கலா சொல்லிக் கொடுத்ததுதான். பழசு என்றால் முனையும் விளிம்பும் வெளுத்திருக்கும்.

வரலாறு டீச்சர் அதை வாங்கி, மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கி, வளையத்தில் விரலை விட்டுப் பார்த்தாராம். ஒத்திகை நேரம் பாதி அதிலேயே போனதாம். துரை வரலாம் என்று சொல்லிவிட்டார்.

மேடை

விழா அன்று அரங்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்த பக்கம் மட்டும் மின்விசிறி சுற்றியது. மேடையில் விளக்குச் சூடு. யாழினி, உன் முகம் முழுக்க வெள்ளைப் பவுடர், மையில் வரைந்த மீசை, மேலே அட்டைத் தொப்பி, கழுத்தில் கயிறு, கயிற்றின் முனையில், உன் கைப்பிடியில், ரிவால்வர். நடந்து வந்தாய் பார், நானே எழுந்து நிற்கப் பார்த்தேன்.

முதல் வசனம் முடிந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்தாய். நெற்றியில் ஒரு நீலக் கோடு.

கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். உனக்குத் தெரியவில்லை. மீசையைத் தடவினாய், உதட்டுக்கு மேலே நீலம். கன்னத்தைச் சொறிந்தாய், அங்கேயும். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூசுப் பாய் என் காதில் சொன்னார்.

"செல்வம், ஒன் தொர கரஞ்சிக்கினு வர்றாருபா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒத்திகையில் பிடித்தது காய்ந்த கை, இங்கே வியர்த்த கை. பட்டுச் சாயம் பட்டைத்தான் பிடிக்கும். பருத்தியைக்கூடப் பிடிக்காது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். மரத்தை எப்படிப் பிடிக்கும்? உங்கள் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்கையால் மட்டும் ஒரு இடி இடித்தாள்.

மேடையில் நீ உன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாய். அடுத்த வசனம் வரவில்லை. சிரிப்பு கூடிக்கொண்டே போனது. பின்வரிசைப் பையன் ஒருவன் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டான். உன் தாடை நடுங்க ஆரம்பித்தது. அத்தனை பவுடரையும் மீறி எனக்கு நன்றாகத் தெரிந்தது. பள்ளி முடிகிறவரை இவளை என்ன பேர் வைத்துக் கூப்பிடப் போகிறார்களோ என்று நினைத்தேன்.

அப்போது ராட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வசனமே இல்லாத குழந்தையின் குரல்.

"தொடைக்காதீங்க தொர. எங்க ஊரு சாயம். தொடைக்கத் தொடைக்க ஏறும்."

பின்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது பாருங்கள், அது நாடகம் பார்க்க வந்திருந்த கலாவின் விசில். கைத்தட்டல் கூரையில் போய் முட்டியது.

யாழினி, நீ தங்கையைப் பார்த்தாய். உள்ளங்கையைப் பார்த்தாய். அப்புறம், பிடுங்கி வைத்திருந்த வெள்ளைத் துணியில் கையை அவசர அவசரமாகத் துடைத்தாய். துணி முழுக்க நீல விரல்கள். நீ அலறிக்கொண்டு அதை எறிந்தாய். அடுத்த துணியில் துடைத்தாய், அதிலும் நீலம். கடைசியில் ஒட்டுமொத்தத் துணியையும் தர்ஷினி மடியில் கொட்டிவிட்டு, "வேணாம் மேன், இந்த ஊர் துணி எனக்கு வேணாம்" என்று தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாய். கழுத்துக் கயிற்றில் ரிவால்வர் முட்டி முட்டி, பின்னால் உன் வெள்ளைச் சட்டையிலும் நீலம் தீட்டிக்கொண்டே போனது.

துரை துணியை அள்ளிக்கொண்டு போவதும், தெருவே அழுவதும்தான் எழுதிவைத்த முடிவு. அழுவதற்குத் தயாராக நின்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துணி கையில் இருக்கிறதே, என்ன செய்வார்கள்? குதித்தார்கள். வரலாறு டீச்சர் திரை ஓரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்

வீட்டுக்கு வந்து பார்த்தால் ரிவால்வர் வெளுத்துப்போய்ச் சப்பாத்திக் கட்டை மாதிரி இருந்தது. அதிலிருந்த நிறமெல்லாம் யாழினி முகத்தில் இருந்தது. சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சைக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் போகிற மாதிரி பாவனை செய்துவிட்டுத் திரும்ப வந்துவிட்டது. பட்டுச் சாயத்துக்கு மரம் அந்நியம், மனுஷத் தோல் சொந்தம். பட்டும் பூச்சி உடம்பிலிருந்து வந்ததுதானே. இதை அன்று விளக்கப் போய், உங்கள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோதும் நெற்றியில் அந்த நீலக் கோடு அப்படியே இருந்தது. பிள்ளைகள் கேலி செய்வார்கள், இரண்டு நாள் லீவு சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. நீ கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். நான் வாசற்படியில் நின்று, என்ன சொல்லப் போகிறாயோ என்று செருப்பை மாட்டாமல் காத்துக்கொண்டிருந்தேன்.

சீப்பை எடுத்து அம்மா கையில் கொடுத்தாய். எப்போதும் நெற்றியில் கொஞ்சம் முடியை இழுத்து விட்டுக்கொள்கிறவள் நீ.

"முன்னாடி வுடாத மா. இழுத்து, டைட்டா பின்னு. கோடு நல்லா தெரியணும்."